குகை ஓவியங்களை அறிவியல் வகுப்பில் படிப்போம்

குகை ஓவியம் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் இடம் எது? பலர் பிரான்ஸ் என்பார்கள். 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகையின் காளைகளையும் குதிரைகளையும் ஏதாவது ஒரு புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். ஈப்போ என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால், ஈப்போவுக்கு அருகில் தம்பூனில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் பாறைச் சுவரில் 600-க்கும் மேற்பட்ட உருவங்கள் சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. அவை புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. 1959-இல் கூர்க்கா படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டு வெளியுலகுக்குத் தெரிவித்தார்.

பள்ளியில் குகை ஓவியம் பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்தில்தான் தலைகாட்டுகிறது. ஒரு படம், ஓர் ஆண்டு, இரண்டு வரி விளக்கம். மனனம் செய்கிறோம், தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். இது போதாது என்பதே என் கருத்து. குகை ஓவியங்களை அறிவியல் வகுப்பிலும் கற்பிக்க வேண்டும். "இது எத்தனை ஆண்டு பழையது?" என்பதோடு நிற்காமல், "அது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியோடு கற்பிக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. 1879-இல் அல்தமீரா குகையில் மார்செலினோ சான்ஸ் டி சவுத்துவோலா தரையைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் வந்த அவருடைய மகள் மரியா என்ற சிறுமிதான் நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் காட்டெருமைகள்! அவை கற்கால மனிதர்கள் வரைந்தவை என்று தந்தை எழுதினார். அறிஞர்கள் பலர் நம்பவில்லை. கற்கால மனிதனால் இவ்வளவு அழகாக வரைய முடியாது என்ற முன்முடிவு அவர்களைத் தடுத்தது. பிறகு பிரான்ஸ் நாட்டுக் குகைகளிலும் அத்தகைய ஓவியங்கள் கிடைத்தன. மறுத்தவர்களில் முக்கியமானவரான எமில் கார்ட்டையாக் 1902-இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். அதற்குள் சவுத்துவோலா இறந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன.

இன்னொரு முன்முடிவு நம் வட்டாரத்தில் உடைந்தது. ஓவியக் கலை ஐரோப்பாவில்தான் பிறந்தது என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். 2014-இல் இந்தோனேசியாவின் சுலாவேசி தீவில், மாரோஸ் பகுதிக் குகை ஒன்றில் உள்ள கை அச்சு குறைந்தது 39,900 ஆண்டுகள் பழையது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2024-இல் அதே வட்டாரத்தில், ஒரு பன்றியும் மனித உருவங்களும் கொண்ட ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று கணித்தார்கள்.

எப்படித் தெரிந்தது? சுண்ணாம்புக்கல் குகையில் கசியும் நீர், ஓவியத்தின் மேல் மெல்லிய கால்சியம் கார்பனேட் படலத்தை உண்டாக்குகிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் ஏறக்குறையக் கரையாது. அதனால் புதிய படலத்தில் யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. யுரேனியம் சிதையச் சிதைய, படலத்துக்குள் தோரியம் சேர்கிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் படலத்தின் வயது கிடைக்கும். ஓவியம் படலத்துக்கு அடியில் இருப்பதால், அது அதைவிடப் பழையதாகத்தான் இருக்க வேண்டும். "குறைந்தது" என்ற சொல் ஏன் வருகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

நேர்மாறான எடுத்துக்காட்டு சரவாக்கில் இருக்கிறது. குவா சிரே குகையில் ஆயுதம் ஏந்திய மனித உருவங்கள் கரியால் வரையப்பட்டுள்ளன. பார்த்த உடனே பல்லாயிரம் ஆண்டு பழையவை என்று சொல்லத் தோன்றும். கரியில் கார்பன் உண்டு. எனவே கார்பன்-14 முறையில் அளந்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி அவை 1670-க்கும் 1830-க்கும் இடையில் வரையப்பட்டவை! மோதல் காலத்தில் தங்கள் முன்னோர் அந்தக் குகையில் தஞ்சம் புகுந்தனர் என்பது பிடாயு மக்களின் வாய்மொழி வரலாறு. ஆய்வுக்கூடம் சொன்ன காலமும் அதனோடு பொருந்துகிறது. கண்ணுக்குப் பழையதாகத் தெரிவது சான்றாகாது. பெரியவர்கள் சொல்லும் கதையும் வெறும் கதையாகிவிடாது.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் புதிய பாடம் எதுவும் தேவையில்லை. அரையாயுள் இயற்பியலில் இருக்கிறது. கால்சியம் கார்பனேட் வேதியியலில் இருக்கிறது. தம்பூன் ஓவியங்களின் சிவப்பு, ஹெமடைட் எனும் இரும்பு ஆக்சைடு. நம் தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். அதில் கார்பன் இல்லாததால் கார்பன்-14 முறை அங்கே உதவாது. ஏற்கெனவே நடத்தும் பாடத்துக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஓவியத்தைக் காட்டினால் போதும்.

இதில் அவசரமும் உண்டு. சுலாவேசியில் பாறைப் பரப்புக்கு அடியில் உப்புப் படிகங்கள் வளர்ந்து, ஓவியங்களைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளுகின்றன. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வருவது அதை விரைவுபடுத்துகிறது என 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பழைய ஓவியங்கள் உள்ள பாறைகளில் மனிதர்கள் பெயர் கிறுக்கும் வழக்கமும் ஒழியவில்லை. உப்பை நம்மால் எளிதில் தடுக்க முடியாது. கிறுக்கும் கையைத் தடுக்கலாம். அந்தச் சிவப்புக் கோடு எதனால் ஆனது, அதன் காலத்தை அறிய எவ்வளவு பாடுபட வேண்டும் என்று வகுப்பில் படித்த மாணவர் அதன்மேல் தம் பெயரை எழுதமாட்டார்.

அடுத்த அறிவியல் வகுப்பில் அரையாயுள் பாடம் வரும்போது, ஆசிரியரிடம் தம்பூனைப் பற்றிக் கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். பாறையைத் தொடாதீர்கள். மரியாவைப் போல நிமிர்ந்து பாருங்கள், அது போதும்.