தடை போட்டாயிற்று, இனி நாரை வாங்குங்கள்

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியைச் சரமாக்கும் வாழைநாரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வாழை மட்டையை வெயிலில் உலர்த்தி, மெல்லிதாகக் கிழித்து, கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். நனைந்த நார் காம்பை அறுக்காது. ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் பூ வாடுவதும் தள்ளிப்போகும். மறுநாள் பூவோடு சேர்ந்து நாரும் மண்ணுக்குப் போய்விடும். ஒரு பொருளைக் கட்டி அனுப்ப என்னென்ன வேண்டுமோ அத்தனையும் செய்துவிட்டு, பின்னால் ஒரு தொந்தரவும் வைக்காத பொருள் அது. மாட்டுத்தாவணிப் பக்கம் இப்படி நாரில் கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர்கள் கட்டிய சரம் வாங்குகிறவர் வீட்டுக்குப் போவதோ பிளாஸ்டிக் பையில்தான்.

இந்த வட்டாரத்தில் பூ மட்டுமா அப்படி இருந்தது? சோழவந்தான் வெற்றிலையை வாழை மட்டையில் வைத்துக் கட்டி அனுப்பினார்கள். தென் மாவட்டக் கருப்பட்டி பனையோலைப் பெட்டியில் வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பலகாரத்துக்கு ஓலைக் கொட்டான் இருந்தது. அந்தக் கொட்டானும் இப்போது புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. கறிக்கடைக்காரர் தேக்கு இலையிலோ தாமரை இலையிலோ மடித்துக் கொடுத்தார். இதையெல்லாம் நேரில் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கைவிட்டுப்போன பழக்கத்தை நினைத்து ஏங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மண்ணில் விளையும் நாருக்கும் ஓலைக்கும் பொருள்களைக் கட்டித் தரும் திறன் உண்டு என்பதற்குச் சான்றாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் 19 பொருள்களுக்குத் தடை வந்தது. சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடையில் இறங்கி எந்தக் கடை வாசலிலும் நின்று பார்க்கலாம். கேரி பேக் இல்லாமல் வியாபாரம் நடக்கிற கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிகாரிகள் சோதனைக்கு வருகிற அன்று பைகள் உள்ளே போகின்றன, மறுநாள் வெளியே வந்துவிடுகின்றன.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தாதே என்று அவரிடம் சொன்னோமே தவிர, அதன் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதை அவர் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க முடியும் என்பதுதான் வருத்தம்.

உலகிலேயே அதிகமாக வாழை விளைவது இந்தியாவில்தான், ஆண்டுக்கு மூன்று கோடி டன்னுக்கு மேல். தமிழ்நாடு அதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம். வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சியில் இயங்குகிறது. வாழை ஒரு தார்தான் ஈனும். தாரை வெட்டியபின் நிற்கும் மரம் விவசாயிக்குச் சுமை. அடுத்த பயிர் வைக்க வேண்டுமானால் கூலி கொடுத்து அதை அப்புறப்படுத்த வேண்டும். வாய்க்கால் ஓரத்திலும் சாலை ஓரத்திலும் கிடந்து அழுகுவது அப்படி வெட்டிப் போட்ட மரங்கள்தான். வைகைப் பாசனத்தில் சோழவந்தான், மேலக்கால், முள்ளிப்பள்ளம் பக்கம் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

அந்த மேலக்காலைச் சேர்ந்தவர்தான் பி.எம்.முருகேசன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விவசாயக் குடும்பத்துக்காரர். பூக்கட்டப் பயன்படும் நாரைக் கயிறாகத் திரித்தால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்தது. தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் முறையை முதலில் முயன்றார், சரிப்படவில்லை. பிறகு சைக்கிள் சக்கரத்தின் வளையத்தை வைத்துத் தானே ஓர் இயந்திரம் அமைத்தார். அந்தக் கயிற்றில் கூடையும் பையும் பாயும் பின்னினார்கள். ஊர்ப் பெண்கள் பலருக்கு வீட்டிலிருந்தபடியே வேலை கிடைத்தது. பொருள்கள் வெளிநாட்டுக்கும் போயின. 2021-இல் பிரதமர் தம் வானொலி உரையில் அவரைக் குறிப்பிட்டார்.

மேலக்கால் முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. இயந்திரத்தில் கொடுத்துச் சன்னமான நாராகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் வாழை மரம் நம்மைச் சோதிக்கும். மரத்தின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ மரத்தை அரைத்தால் கிடைக்கிற நார் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அந்த நூறு கிலோவை லாரியில் ஏற்றி எங்கோ உள்ள ஆலைக்குக் கொண்டுபோனால், தண்ணீரைச் சுமக்கவே வாடகை கொடுத்ததாகும். வாழைநார்த் தொழில் தொடங்கியவர்கள் பலர் திணறுவது இங்கேதான். மேலக்காலில் மட்டையைத் தோட்டத்திலேயே உரித்து, வெயிலில் காயவைத்து, கிழித்து, அப்படியே முறுக்குகிறார்கள். தண்ணீரை வெயில் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. நுண்ணிய துணி நெய்ய அது ஆகாது. கட்டவும் சுமக்கவும் சிப்பம் போடவும் தாராளமாக ஆகும். மதுரை வெயிலைக் குறைசொல்லியே பழகிய நாம், அதை ஒரு தொழிலின் மூலதனமாக எண்ணிப் பார்த்ததில்லை.

அப்படியானால் ஒரு மேலக்கால் ஏன் நூறு மேலக்கால் ஆகவில்லை? நார் இருக்கிறது, கை இருக்கிறது, இயந்திரமும் வந்துவிட்டது. நிலையாக வாங்குகிறவர்தான் இல்லை. கண்காட்சியில் நான்கு பை, வெளிநாட்டுக்கு ஒரு சிப்பம் என்று நடப்பதை வைத்து எந்தச் சுய உதவிக் குழுவும் கடன் வாங்கி இயந்திரம் போடாது. மாதா மாதம் இத்தனை ஆயிரம் வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

சணலுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சணல் சிப்பப் பொருள்களைக் கட்டாயமாகப் பயன்படுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் 1987-இல் நிறைவேற்றியது. அதன் கீழ் வரும் ஆணைகளின்படி உணவு தானியம் முழுவதும், சர்க்கரையில் 20 விழுக்காடும் சணல் சாக்கில்தான் கட்டப்பட வேண்டும். நாட்டில் ஆகும் சணல் பொருள்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு சாக்கு. அந்தச் சாக்கில் 85 விழுக்காட்டை வாங்குவது இந்திய உணவுக் கழகமும் மாநிலக் கொள்முதல் நிறுவனங்களும். சணலை நம்பி 40 லட்சம் விவசாயக் குடும்பங்கள் இருப்பதாக மத்திய அரசு கணக்குச் சொல்கிறது. பிளாஸ்டிக் சாக்கு மலிவாக வந்த பிறகும் வங்காளத்துச் சணல் ஆலைகள் மூடாமல் இருப்பதற்கு அரசு வாங்குவதே பெரும் காரணம். நம்மூர் நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் சாக்கின் வரலாறு இதுதான்.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் ஓர் உதாரணம் உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதற்கு ஈடாக நீராவியும் எரிபொருளும் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டுச் சக்கையை வாங்கினார்கள். கழிவு மூலப்பொருளானதற்கு அந்த ஏற்பாடு முக்கியக் காரணம். வாழைக்கு இன்னும் அப்படி யாரும் வந்து பேரம் பேசவில்லை. பிலிப்பைன்ஸில் வாழைக்கு நெருங்கிய உறவான அபாக்கா என்ற செடியின் நார் தேயிலைப் பை காகிதத்துக்காக உலகமெங்கும் போகிறது. அவர்கள் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். நமக்கோ பழத்துக்காக வளர்த்த மரத்தில் மிச்சமாகவே கிடைக்கிறது.

இந்த ‘மிச்சம்’ சாதாரண விஷயமில்லை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அது மேலானதாகும் என்று கணக்கிட்டார்கள். பருத்திக்கு நிலம், தண்ணீர், உரம், மருந்து எல்லாம் தனியாக வேண்டும். மஞ்சப்பையை அத்தனை தடவை எடுத்துப்போகிறவருக்குக் கவலையில்லை. விழாவுக்கு விழா புதுப்பை வாங்கிப் பரணில் போடுகிறவர் யோசிக்க வேண்டும். வாழைநாருக்கு இந்தக் கணக்கில் பெரும் சலுகை உண்டு. அதற்கென்று யாரும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்சுவதில்லை.

இயற்கை என்று பெயர் போட்டதையெல்லாம் நம்பவும் கூடாது. காகிதக் கோப்பையின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சுதான். சூடான நீரை 15 நிமிடம் அதில் வைத்தால் 25,000 அளவில் நுண்துகள்கள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். ஜவுளிக்கடைகள் தரும் சணல் பைகளில் பலவற்றுக்கு உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. கரும்புச் சக்கைத் தட்டுகளில் எண்ணெய் ஊறாமலிருக்க ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களைச் சேர்த்தார்கள். அவை உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாதவை என்பதால் பல நாடுகள் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டன. பாக்கு மட்டைத் தட்டிலிருந்து பாக்கின் ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்ததில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் தட்டு செய்கிறவர்கள் நிலைகுலைந்து போனார்கள். முன்கூட்டியே நம்முடைய ஆய்வகங்கள் பரிசோதித்துச் சொல்லியிருந்தால் அந்தச் சிறு தொழில்காரர்கள் கடல் கடந்து வந்த கடிதத்துக்கு அஞ்ச வேண்டியிருந்திருக்காது.

எல்லா இடத்திலும் நார் உதவாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மதுரைக்காரருக்கு இரவுப் பரோட்டா பார்சல் என்றால் உடன் சால்னா வேண்டும். கொதிக்கிற சால்னாவை எந்த நார்ப்பையும் தாங்காது. அதற்குத் தூக்குச்சட்டி எடுத்துப்போவதுதான் வழி. பாத்திரம் கொண்டுவருகிறவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் கடைகள் பெருக வேண்டும். பரோட்டாவுக்கு வாழை இலை ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய், பால், மருந்து போன்றவற்றுக்கான விடையும் வாழைத் தோட்டத்தில் இல்லை. காய்கறி, பழம், பூ, வெற்றிலை, பிரசாதம், துணி, மளிகைச் சிப்பம், பார்சல் கட்டும் கயிறு ஆகியவற்றுக்கு நாரும் ஓலையும் போதும். அந்தப் பட்டியலே போதுமான அளவு பெரியது.

இதை முன்னின்று நடத்த ஒத்தக்கடையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. யானைமலையைப் பார்த்தபடி 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அதே வளாகத்தில் மனையியலிலிருந்து சமுதாய அறிவியலாக வளர்ந்த கல்லூரி இருக்கிறது. நபார்டு வங்கி உதவியோடு வேளாண் தொழில்முனைவோரை வளர்க்கும் மையமும் அங்கேயே இருக்கிறது. பயிர் தெரிந்தவர்கள், உணவும் துணியும் தெரிந்தவர்கள், வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மூவரும் ஒரே சுற்றுச்சுவருக்குள். எந்த வாழை ரகத்தின் மட்டை எவ்வளவு எடை தாங்கும், ஈரத்தில் எத்தனை நாளில் பூஞ்சை பிடிக்கும், உணவோடு பட்டால் என்ன இறங்கும் என்பதையெல்லாம் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் பொறுப்பை இந்த வளாகம் ஏற்கலாம். பாக்கு மட்டைக்கு நேர்ந்தது வாழை மட்டைக்கு நேராமலிருக்க அதுவே காப்பு.

வாங்கும் பொறுப்பு அரசுடையது. மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்ற கொள்கை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அதே வழியில், மாநில அரசும் கோயில் நிர்வாகங்களும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் வாங்கும் பை, கூடை, கயிற்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டு நாரில் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஆணையிட என்ன தடை? முதல் ஆண்டில் பத்து விழுக்காடு போதும். மகளிர் குழுக்களுக்கு ஓராண்டுக்கான கொள்முதல் உறுதியை எழுத்தில் கொடுங்கள். இயந்திரத்துக்குக் கடன் தர வங்கிகள் தாமாக முன்வரும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணா நகரில்தான். தராசும் இடமும் கொடுத்து விவசாயியை அங்கே உட்காரவைத்த மாவட்ட நிர்வாகம், அதே சந்தையில் வாழைநார்ப் பைக்கும் ஒரு கடை ஒதுக்கி, வருகிற தை மாதமே தொடங்கட்டும்.