வைன் போத்தலும் எங்கட மரியாதையும்

டிசம்பர் பிறந்தால் காணும், ஆராவது ஒருத்தர் என்னட்டை இதைக் கேப்பினம். "அண்ணை, வேலையிடத்துப் பிரெஞ்சுக்காரன் 24ஆம் திகதி இரவு வீட்டை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். என்ன வைன் கொண்டு போறது?" பரிசிலை ரெஸ்ரோறன்ற் குசினியளுக்கை கனகாலம் நிண்டவன் எண்டபடியால் எனக்கு வைன் தெரியும் எண்டு சனம் நினைக்குது. கோப்பை கழுவினவனுக்குத் தெரியிறது எந்தக் கிளாசிலை எவ்வளவு மிச்சம் வருது எண்டதுதான் :-) அதுவும் ஒரு அறிவுதான் எண்டு வையுங்கோ.

நான் திருப்பிக் கேக்கிறது ஒரே கேள்வி: "என்ன சமைக்கினமாம்?" அது ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் விலையை மட்டும் முடிவெடுத்து வைச்சிருப்பினம். "எண்பது யூரோவுக்குக் குறைஞ்சு எடுக்கேலாது அண்ணை. எங்களை என்னெண்டு நினைப்பாங்கள்?"

இந்த "என்னெண்டு நினைப்பாங்கள்" எண்ட வியாதிக்கு எதிராத்தான் இதை எழுதுறன்.

முதல்லை வைனைப் பாப்பம். விலை கூடினால் ருசி கூடும் எண்டு நம்புறவைக்கு இரண்டு விசயம். 2001இலை வெளிவந்த ஒரு ஆய்வு: போர்தோவிலை வைன் படிக்கிற 54 மாணவருக்கு, வெள்ளை வைனுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து குடுத்தினம். அவை அதுக்குச் சிவப்பு வைனுக்குச் சொல்லுற வர்ணனை எல்லாம் சொல்லிச்சினம். வைன் படிக்கிற பிள்ளையள், அதுவும் போர்தோவிலை! 2008இலை கலிபோர்னியாவிலை இன்னொண்டு. ஒரே வைனை 10 டொலர் எண்டும் 90 டொலர் எண்டும் சொல்லிக் குடுத்தினம். 90 எண்டு சொன்னதுதான் நல்ல ருசி எண்டு குடிச்சவை சொல்லிச்சினம். அப்ப நாங்கள் காசு குடுத்து வாங்கிறது நாக்குக்கு இல்லை, விலைத் துண்டுக்கு. அந்தத் துண்டையும் கிழிச்சுப்போட்டுத்தானே அன்பளிப்பாக் குடுக்கிறியள்?

அடுத்தது லேபிள். தங்கப் பதக்கம் ஒட்டின போத்தலைக் கண்டவுடனை கை அங்கை போகும். பிரான்சிலை ஒரு வைன் போட்டிக்கு வந்த வைன்களிலை மூண்டிலை ஒண்டுக்கு மட்டும் பதக்கம் குடுக்கலாம் எண்டதுதான் சட்டம் வைச்ச உச்ச எல்லை. மூண்டுக்கு ஒண்டு! எங்கட ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலையும் அதைவிடக் கஷ்டப்பட்டு ஓடினால்தான் பரிசு. "பழைய கொடி" எண்டு லேபிளிலை எழுதியிருக்கும், எத்தனை வயசுக் கொடி பழசு எண்டு சட்டத்திலை ஒரு வரைவும் இல்லை.

சரி, அப்ப என்னதான் வாங்கிறது? கூப்பிட்ட ஆளிட்டை என்ன சாப்பாடு எண்டு கேளுங்கோ. பிரெஞ்சுக்காரனுக்கு அது வெக்கமான கேள்வி இல்லை, சந்தோசமான கேள்வி. அரை மணித்தியாலம் கதைப்பான். சிப்பி எண்டால் மியுஸ்கடே மாதிரி இனிப்பில்லாத வெள்ளை. ஃபுவா க்ரா எண்டால் இனிப்பு வைன். சொத்தேர்ன்தான் பேர்போனது, ஆனால் கரோன் ஆத்துக்கு மற்றக் கரையிலை செய்யிற லூப்பியாக் எண்டது அதின்ர தம்பி மாதிரி, விலை நல்லாக் குறைவு. வான்கோழி எண்டால் பினோ நுவார் மாதிரி மெல்லிசான சிவப்பு. கடைசியிலை வாற மரக்குத்தி வடிவக் கேக்குக்கு இனிப்பில்லாத ஷம்பேனை ஊத்தினால் வாய் புளிக்கும், அதுக்குக் கிளெறெத் து டீ எண்ட இனிப்பு நுரை வைன் போதும். நுரைதான் வேணும் எண்டால் க்ரேமோன் வாங்குங்கோ. ஷம்பேன் மாதிரியே போத்தலுக்கை இரண்டாந்தரம் புளிக்க வைக்கிறது, வேற பிரதேசம், வேற பேர், அரைவாசி விலையிலை எடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு யூரோவோடை அலுவல் முடிஞ்சுது.

கொண்டு போன போத்தலை அண்டைக்கு அவை உடைக்காமல் விட்டால் முகத்தைத் தூக்கி வைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு ஏற்ற வைனை அவை முதலே எடுத்து வைச்சிருப்பினம். உங்கட அன்பளிப்பு இன்னொரு நாளைக்கு. அவமரியாதை இல்லை, அதுதான் இஞ்சத்தை வழக்கம்.

குடிக்காத ஆள் எண்டால் குடிக்காத ஆளாவே போங்கோ. வைன் தெரியாட்டி நாகரிகம் தெரியாது எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? ஒரு நல்ல நோர்மண்டி அப்பிள் சாறு கொண்டு போகலாம். அதைவிட, வீட்டிலை சுட்ட இருபது மட்டின் றோல்ஸ் கொண்டு போய்ப் பாருங்கோ. எண்பது யூரோப் போத்தல் மூலைக்கை நிக்கும், றோல்ஸ் தட்டு ஐஞ்சு நிமிசத்திலை வெறுமையாகும்.

"அகதியள் எண்டு குறைச்சுப் பாத்திடக் கூடாது, அதுக்குத்தான்" எண்டு சில அண்ணைமார் சொல்லுவினம். அந்த நோவு எனக்கு விளங்காமல் இல்லை. விசாவுக்கு வரிசையிலை நிண்டவனுக்குத்தான் அந்த நோவு தெரியும். ஆனால் உங்களைக் கூப்பிட்டவன் உங்களோடை வேலை செய்யிறவன். உங்கட சம்பளம் அவனுக்குத் தெரியும். சீட்டுக் காசிலையும் ஊருக்கு அனுப்ப வைச்ச காசிலையும் கைவைச்சு நீங்கள் வாங்கிற போத்தல் அவனை மயக்காது, சங்கடப்படுத்தும். அடுத்த முறை உங்கட வீட்டை வரேக்கை அவனும் அந்தளவுக்கு வாங்க வேணுமே எண்டு யோசிப்பான். உறவு எண்டு தொடங்கினது மொய்க் கணக்கா முடியும். சாமத்தியவீட்டு ஹோலிலை நாங்கள் ஆளுக்காள் காட்டுற பகட்டை இப்ப வெள்ளைக்காரன்ர மேசைக்கும் கொண்டு போறம், அவ்வளவுதான்.

இனித்தான் எனக்கு உண்மையிலை கோவம் வாற இடம்.

போத்தலுக்கு மரியாதை குடுக்க எங்களுக்கு நல்லாத் தெரியும். அதை உண்டாக்கின கைக்கு? யாழ்ப்பாணத்திலை பனை ஏறிக் கள்ளுச் சீவினவனைப் படலைக்கு வெளியிலை நிப்பாட்டி, அவன்ர முட்டியை மட்டும் உள்ளை எடுத்த சனம் நாங்கள். பிளாவிலை வாத்துக் குடிச்சு ருசி சொல்லுவம், தேத்தண்ணிக் கடையிலை அவனுக்குத் தனிப் பேணி வைப்பம். அப்பிடிப்பட்ட நாங்கள் இண்டைக்கு வைன் கிளாசைத் தண்டிலை பிடிச்சு ஆட்டி மணந்து பாக்கிறம்.

எண்பது யூரோ ஷம்பேன் எப்பிடி வருது எண்டு கேட்டனியளோ? அங்கை முந்திரிகை மெசினாலை பிடுங்கேலாது. கையாலைதான் பிடுங்க வேணும் எண்டது விதி. அதுக்குச் செப்ரெம்பரிலை ஆயிரக் கணக்கிலை ஆக்கள் வேணும். 2023 அறுவடையிலை, நெஸ்ல்-லு-ரெபோன் எண்ட கிராமத்திலை 50க்கு மேற்பட்ட மேற்கு ஆபிரிக்கத் தொழிலாளரை ஆடு மாடு மாதிரி அடைச்சு வைச்சிருந்ததை அதிகாரியள் கண்டுபிடிச்சினம். கனபேருக்கு விசா இல்லை. நல்ல படுக்கை இல்லை, சாப்பாடு இல்லை, சொன்ன சம்பளம் இல்லை. 2025 யூலையிலை ஷாலோன் நீதிமன்றம் மூண்டு பேரை ஆள்கடத்தல் குற்றவாளியள் எண்டு தீர்ப்புச் சொல்லிச்சுது. எல்லாத் தோட்டமும் அப்பிடி இல்லை, நேர்மையா நடத்திறவையும் இருக்கினம். ஆனால் காட் இல்லாதவனைக் கொண்டு குறைஞ்ச கூலிக்கு வேலை வாங்கிறது எப்பிடி எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. வந்த புதுசிலை எங்களிலை எத்தினை பேர் அந்தக் கூலிக்கு நிண்டனாங்கள்!

காட் இல்லாதவன்ர வேர்வை கலந்திருக்கக் கூடின ஒரு சாமானை, காட் கிடைச்ச நாங்கள் மரியாதைச் சின்னமாத் தூக்கிக்கொண்டு திரியிறதிலை பெருமை என்ன கிடக்கு?

ஷம்பேனே குடியாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. விருப்பமெண்டால் வாங்குங்கோ, குடியுங்கோ. ஆனால் பயத்திலை வாங்காதேங்கோ. உங்கட தெருவிலை இருக்கிற சின்ன வைன் கடைக்குப் போய், இன்ன சாப்பாடு, இவ்வளவுதான் காசு எண்டு நிமிந்து நிண்டு சொல்லுங்கோ. ஆர் செய்த வைன், எந்த ஊர் எண்டு கேளுங்கோ. தான் நேரை போய்ப் பாத்து வாங்கின வைன் எண்டால் கடைக்காரன் செய்தவன்ர பேரும் சொல்லுவான், கதையும் சொல்லுவான். அந்தக் கதையை மேசையிலை சொல்லுங்கோ. எங்களிட்டை விலையைவிடப் பெறுமதியான சாமான் கதைதானே.