சிகிச்சைக் காலம் பட்டினிக் காலம் அல்ல: புற்றுநோயும் உணவும் குறித்து எங்கள் நிலைப்பாடு

புற்றுநோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் உணவியலாளர்கள், செவிலியர்கள், சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தினர் ஆகியோர் சேர்ந்து நடத்துவது எங்கள் அமைப்பு. நோய் உறுதியானதும் எங்களிடம் வரும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எதையெல்லாம் நிறுத்தணும்?" அக்கம்பக்கத்தார், உறவுக்காரர்கள், வாட்ஸ்அப், யூடியூப் என ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். பால் கூடாது, சர்க்கரை கூடவே கூடாது, முட்டை சூடு, பருப்பு சாப்பிட்டால் புண்ணில் சீழ் வைக்கும். எல்லாவற்றையும் கேட்டு நடந்தால் கஞ்சியும் இரண்டு இட்லியும்தான் மிஞ்சும்.

எங்கள் நிலைப்பாடு

நோய் வராமல் காக்கும் உணவு வேறு, சிகிச்சையைத் தாங்க வைக்கும் உணவு வேறு. முன்னதற்கான விதிகளைப் பின்னதன்மேல் போடுவதால்தான் நோயாளிகள் மெலிகிறார்கள். சிகிச்சை நடக்கும் மாதங்களில் உடல் எடையைக் காப்பதே உணவின் முதல் வேலை. மருத்துவக் காரணம் இல்லாமல் எந்த உணவையும் நிறுத்தச் சொல்வதை நாங்கள் எதிர்க்கிறோம். எந்த உணவையும் புற்றுநோய்க்கு மருந்தாக நாங்கள் ஏற்பதில்லை. உணவு ஆலோசனை எல்லா மருத்துவமனைகளிலும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும். வசதியற்றவர்களுக்கு அரசு ஊட்டச்சத்து உதவி தர வேண்டும்.

நோய் வருமுன்

புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் தடுப்பு வாயிலிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்கா தடைசெய்யப்பட்டது. ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே அறிவித்துவிட்டது. விருந்து முடிந்ததும் தாம்பூலத் தட்டில் நீட்டும் பாக்கும் இதில் அடக்கம். புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்று அந்த முகமை வகுத்த முதல் பிரிவில் மதுவும் இருக்கிறது. 'கொஞ்சமாகக் குடித்தால் நல்லது' என்பதற்குப் புற்றுநோய்த் தடுப்பில் இடமில்லை.

சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை இதே முகமை 2015-இல் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டன் குழம்பு வைக்கும் வீடு இந்த வரம்பைத் தாண்டுவது அரிது. நாம் கவலைப்பட வேண்டியது மலைபோல் குவித்த வெள்ளைச் சோறும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டிப் பொரியலும்தான். நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டுமென்றால் கீரை, அவரை, சுண்டல், சிறுதானியம், பழம் எல்லாம் தட்டில் ஏற வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வறுக்காதீர்கள்; அந்தப் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

சிகிச்சையின்போது

இங்கே கணக்கு மாறுகிறது. நோயும் சிகிச்சையும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. மெலிந்தவருக்குக் கீமோவின் பக்கவிளைவுகள் கூடுகின்றன. மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேர்கிறது. புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல் முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் தேவை. ஒரு கைப்பிடி அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் இருப்பது சுமார் 2 கிராம். கஞ்சியை மட்டுமே நம்பினால் நாளுக்கு 25 டம்ளர் குடிக்க வேண்டும். இரண்டு முட்டை, பாலும் தயிருமாக அரை லிட்டர், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு துண்டு மீன் என்று வைத்தால் 50 கிராம் தாண்டிவிடும். சைவம் என்றால் மீனுக்கும் முட்டைக்கும் பதில் பருப்பு, சோயா, பனீர், வேர்க்கடலை. விலையுயர்ந்த புரோட்டீன் பவுடர் டப்பா எல்லோருக்கும் தேவையில்லை.

'சர்க்கரைதான் கட்டிக்குத் தீனி' என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் எடுத்துக்கொள்வதை 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார். அது உண்மை. ஆனால் நாம் இனிப்பையும் சோற்றையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. கல்லீரல் நம் தசையின் புரதத்தை எடுத்தே குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்கள் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். மற்றவர்கள் கஞ்சியில் ஒரு ஸ்பூன் வெல்லம் போட்டுக் குடிப்பதால் நோய் வளராது.

கழுத்துப் பகுதியில் 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்துக்கொள்பவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும். ரசம், ஊறுகாய், வத்தக்குழம்பு எல்லாம் எரியும். குழைய வடித்த சோற்றில் வெந்த பாசிப்பருப்பும் நெய்யும் விட்டு மசித்து, ஆறவைத்துக் கொடுங்கள். பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, புளிக்காத தயிர்ச்சோறு, மசித்த வாழைப்பழம் இறங்கும். தாளிக்கும் வாசனையே குமட்டினால் ஆறிய உணவு நல்லது. மூன்று வேளை என்பதை விட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். விழுங்கவே முடியாதபோது மருத்துவர் மூக்கு டியூப் போடச் சொன்னால், அதை 'கடைசிக் கட்டம்' என்று எண்ணி மறுக்காதீர்கள். புண் ஆறியதும் பலருக்கு அதை எடுத்துவிடுவார்கள்.

வெள்ளை அணு குறைந்த நாட்களில் பழத்தையே நிறுத்த வேண்டியதில்லை. வீட்டில் கழுவித் தோலுரித்த வாழை, ஆரஞ்சு, மாதுளை சாப்பிடலாம். வெட்டிவைத்து விற்கும் பழம், கடைச் சட்னி, ஆஃப்பாயில், காய்ச்சாத பால், நேற்றைய மீன் குழம்பு ஆகியவற்றைத்தான் தவிர்க்க வேண்டும்.

உணவும் மருந்தும்

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு நாங்கள் எதிரி அல்ல. மஞ்சள் சத்து மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்குவதைத்தான் எதிர்க்கிறோம். கிரீன் டீயிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெரியவந்தது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று விற்கப்படும் முள்சீத்தாவிலுள்ள ஒரு வேதிப்பொருள் நரம்பு செல்களுக்குக் கேடு செய்யக்கூடியது. சிகிச்சையை உதறி மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சித்த மருந்து, கஷாயம், லேகியம் எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுத் திட்டாமல் பதில் சொல்வது மருத்துவரின் கடமை.

மீண்ட பிறகு

இப்போது மீண்டும் தடுப்பு உணவின் விதிகளுக்குத் திரும்பலாம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் எடை கூடுவது வழக்கம். நடையும் அளவான உணவும் வேண்டும். எந்தத் தனி உணவும் நோய் திரும்பாது என்று உத்தரவாதம் தராது. 3,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏழாண்டுகளுக்கு மேல் கவனித்த அமெரிக்க ஆய்வில், காய்கறி மிக அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. இதன் முடிவு 2007-இல் வெளிவந்தது. அதனால் நோய் திரும்பியவரைப் பார்த்து "நீ வாயைக் கட்டல" என்று யாரும் சொல்லக்கூடாது. வைட்டமின் மாத்திரையும் காப்பு அல்ல: பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது.

எங்கள் கோரிக்கைகள்

1. புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 3 கிலோ இழந்தால், அன்றே உணவியலாளரிடம் அனுப்ப வேண்டும்.

2. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. சத்தான உணவுப் பொருட்கள் கொடுத்து ஆரம்ப மாதங்களில் எடை கூடிய காசநோயாளிகளிடம் இறப்பு குறைந்ததை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அதே உதவி வேண்டும். அறுவைக்கும் கீமோவுக்கும் காப்பீடு தரும் அரசு, அவற்றைத் தாங்கும் உடம்புக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

3. உள்நோயாளிகளுக்கு முட்டை, பால், மசித்த உணவு ஆகியவை கிடைக்க வேண்டும். வாய்ப்புண் உள்ளவருக்கும் எல்லோருக்கும் போலவே காரக் குழம்பு ஊற்றக்கூடாது.

4. புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. யூடியூபில் விற்கப்படும் பொடிகள்மீதும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஊட்டச்சத்து மாவு, பவுடர் விற்கும் எந்த நிறுவனத்திடமும் நாங்கள் நிதி வாங்குவதில்லை. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, குடல் அறுவை உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன அளவுகள் மாறும். அவர்கள் தங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டே உணவைத் தீர்மானிக்க வேண்டும். வலுவான புதிய சான்று வந்தால் இந்த அறிக்கையைத் திருத்தி, எது ஏன் மாறியது என்பதையும் சேர்த்து வெளியிடுவோம்.