‘வேகம்’ எது, ‘கதி’ எது? இலவசப் பாடங்களும் வன்னி வகுப்பறையும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் பிரதான வீதியிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே போகவேண்டிய ஒரு பாடசாலை. அங்கே விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தரம் 10 மாணவர்களுக்கு நேர்கோட்டு இயக்கம் பற்றி விளக்குவதற்காக யூடியூபில் ஒரு காணொளியைத் தேடி எடுத்தார். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் செய்த காணொளி. தெளிவான தமிழ், அழகான படங்கள், ஒரு சதமும் கட்டணம் இல்லை. தன்னுடைய டேட்டாவில் தரவிறக்கி, தன்னுடைய மடிக்கணினியில் வகுப்பில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் ஆர்வத்தோடு பார்த்தார்கள். ஆனால், அந்தத் தவணைப் பரீட்சையில் பலர் ஒரே பிழையை விட்டிருந்தார்கள். வேகம் ஓர் எண்ணிக் கணியம் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் பார்த்த காணொளியின்படி அது பிழையே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசை இல்லாதது ‘வேகம்’, திசையோடு கூடியது ‘திசைவேகம்’. எங்கள் பாடநூலிலோ திசை இல்லாதது ‘கதி’, திசையோடு கூடியதுதான் ‘வேகம்’. ஒரே சொல், இரண்டு கரைகளில் இரண்டு பொருள். புள்ளி குறைந்தது பிள்ளைகளுக்கு, மனவருத்தம் ஆசிரியைக்கு.

இதை ஒரு சின்னச் சம்பவமாக விட்டுவிட முடியவில்லை. இணையத்தில் ஆசிரியர்களுக்கென இலவச வளங்கள் குவிந்து கிடக்கின்றன என்று கல்வி தொடர்பான கூட்டங்களில் எல்லாம் சொல்லப்படுகிறது. அது பொய்யில்லை. ஆனால், அந்த வளங்கள் போரால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களின் வகுப்பறைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கின்றன, இடையில் யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இருப்பவை என்ன?

முதலில், இருப்பதை இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 1980 முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள் இன்று கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளையும் பாடத்திட்டங்களையும் வெளியிடுகிறது. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தரம் வாரியாகப் பாடங்களும் பயிற்சிகளும் இருக்கின்றன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களைத் தேடினால் எங்காவது ஓரிடத்தில் அகப்படும். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், ஊர் வரலாறுகள் எல்லாம் வாசிக்கக் கிடைக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகத்துக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வருபவையும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 இல் தொடங்கிய ‘பெட்’ ஊடாடும் மாதிரிகள் பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் கற்பிப்பவர்களுக்குப் பெரிய கொடை. மின்சுற்று ஒன்றைத் திரையிலேயே இணைத்து, மின்குமிழ் எரிவதையும் அம்பியர்மானி காட்டும் வாசிப்பையும் பார்க்கலாம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இது சாதாரண விடயம் அல்ல. ஒரு தடவை தரவிறக்கிப் பென் டிரைவில் போட்டுவிட்டால் அதன் பிறகு இணையமே வேண்டாம். கேத்திரகணிதத்துக்கு ‘ஜியோஜீப்ரா’ இருக்கிறது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் நிறைய உள்ளன. அவற்றை அச்சிடலாம், மாற்றி எழுதலாம், எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஒரு மொழி, இரண்டு கலைச்சொற்கள்

தமிழில் இருப்பதால் மட்டும் ஒரு வளம் எங்களுக்கு உரியதாகிவிடுவதில்லை. இலங்கையில் கல்விமொழி சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறிய காலத்தில், 1950களிலும் 60களிலும், அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. எங்கள் பாடநூல்களின் சொற்கள் அந்த வழியில் வந்தவை. தமிழ்நாடு வேறொரு வழியில் போனது.

இதன் விளைவை எந்தப் பாடத்திலும் காணலாம். எங்கள் பிள்ளை படிப்பது ‘ஆர்முடுகல்’, காணொளி சொல்வது ‘முடுக்கம்’. இங்கே ‘சடத்துவம்’, அங்கே ‘நிலைமம்’. இங்கே ‘கலம்’, ‘இழையம்’, அங்கே ‘செல்’, ‘திசு’. இங்கே ‘ஒளித்தொகுப்பு’, அங்கே ‘ஒளிச்சேர்க்கை’. இங்கே ‘தாயம்’, அங்கே ‘அணி’. பெயர் மட்டும் வேறுபட்டால் ஆசிரியர் ஒரு வரியில் விளக்கிவிடலாம். ‘வேகம்’ போல ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான் ஆபத்து. பார்க்கும் பிள்ளைக்கு வேறுபாடு இருப்பதே தெரியாது.

எந்தத் தமிழ் உயர்ந்தது என்பது இங்கே பேச்சில்லை. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்காகச் செய்ததை எங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால், ஓர் அனுபவமுள்ள ஆசிரியர் இடையில் நின்று சொல் மாற்றித் தரும் இடத்தில்தான் அந்த வளம் வளமாகிறது. நிரந்தர விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில், பிள்ளை தனியாகக் கைபேசியைப் பார்த்துப் படிக்கும் இடத்தில், அதுவே குழப்பமாகிறது. அதாவது, இலவச வளம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகப் பயன்படுகிறது.

திறக்காத பாடநூல்

அப்படியானால் எங்கள் சொந்தப் பாடநூலையே எடுத்துப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல். இணையத்தில் உள்ள தமிழ்ப் பாடநூல்களும் வழிகாட்டிகளும் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் பார்க்கத் தமிழாகத் தெரியும். ஒரு பந்தியைப் பிரதி செய்து இன்னொரு கோப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கொட்டும். கூகுளில் தமிழில் தேடினாலும் உள்ளே இருப்பது அகப்படாது.

ஒரு பயிற்சித்தாள் தயாரிக்க விரும்பும் ஆசிரியர் ஐந்து கணக்குகளை எடுத்து, இரண்டை எளிமையாக்கி, ஒரு படத்தைச் சேர்க்க வேண்டும் என்றால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதை வாசிக்காது. போரில் கண்ணை இழந்தவர்கள் வாழும் மண்ணில் இதைச் சிறிய குறையென்று தள்ளிவிட முடியாது.

‘திறந்த கல்வி வளம்’ என்ற சொல் 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் உருவானது. 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொதுமாநாடு அதற்கென ஒரு பரிந்துரையையும் ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் எளிமையானது: இலவசமாகப் பார்க்க விடுவது மட்டும் போதாது, மாற்றவும் மீளப் பகிரவும் உரிமை இருக்க வேண்டும். மக்களின் வரிப்பணத்தில் எழுதப்பட்ட எங்கள் பாடநூல்களின் பதிப்புரிமையோ திணைக்களத்திடமே இருக்கிறது. பார்க்கலாம், அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் எதைச் செய்யலாம் என்று ஆசிரியருக்குச் சொல்வார் யாருமில்லை.

இலவசத்தின் விலை

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சியில் ‘குருகெதர’ வந்தது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகின. கைபேசி உள்ள பிள்ளை வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தது, இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போனது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி இருந்த வீடுகளில் உயர்தரம் படித்த பிள்ளைக்கே முதலிடம் கிடைத்தது. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன என்றால், வன்னியில் ஒரு ஆசிரியர் தன் சம்பளத்தில் முப்பது பிரதி எடுப்பது எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலைமை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் பல பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். திறப்புவிழாவும் படங்களும் முகநூலில் வருகின்றன. ஆனால், அந்தத் திரையில் மறுநாள் எதைப் போடுவது என்பதற்கு எவரும் பணம் ஒதுக்குவதில்லை. கருவிக்குக் கொடையாளர் பெயரை எழுதலாம், பாடத்துக்கு எழுத முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கரைந்துபோகும் உழைப்பு

2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை மெனிக் பாம் முகாம்களுக்குள்ளும் நடந்தது. நானும் அந்தக் கூடாரங்களில் படித்தேன். எங்களிடம் இருந்தது யாரோ ஒருவர் எல்லா இடப்பெயர்வுக்கூடாகவும் கைவிடாமல் கொண்டுவந்த ஒரு வினாத்தாள் கட்டு. அதைக் கையால் பார்த்தெழுதினோம். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். ஆசிரியர்களும் எங்களைப்போலவே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். இருபது வருடக் குறிப்புகளைப் பதுங்குகுழியில் விட்டுவந்த ஓர் ஆசிரியர், நினைவிலிருந்தே பாடம் சொன்னார்.

இன்று அப்படியான ஆசிரியர்கள் அழகான பயிற்சித்தாள்களையும் காணொளிகளையும் தயாரித்து வட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார்கள். கைபேசி பழுதானால் அது போய்விடும். குழு கலைந்தால் போய்விடும். இடமாற்றம் கிடைத்தால் அவரோடு போய்விடும். சிலவேளை தயாரித்தவரின் பெயரை வெட்டிவிட்டு, வேறொரு தனியார் வகுப்பின் பெயரோடு விலைக்கும் வருகிறது. அன்று யுத்தம் அழித்ததை இன்று கவனமின்மை அழிக்கிறது.

ஓர் இணைப்பால் நின்ற விவாதம்

2026 இல் தரம் 1 க்கும் தரம் 6 க்கும் புதிய கல்விச் சீர்திருத்தம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. தரம் 6 ஆங்கில மொடியூலில் அச்சான ஓர் இணைய முகவரி பிள்ளைகளுக்குப் பொருந்தாத தளம் ஒன்றுக்கு இட்டுச் சென்றதால் பெரும் சர்ச்சை எழுந்தது. தரம் 6 சீர்திருத்தம் 2027 க்குத் தள்ளிப்போனது. தவறு நடந்தது, பொறுப்புக்கூறல் வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், தெற்கின் அரசியல் முழுவதும் அந்த ஓர் இணைப்பைச் சுற்றியே நின்றது. பாடநூலில் இணைப்பைப் போட்டால் அதைத் திறந்து பார்க்கும் வசதி எத்தனை பாடசாலைகளுக்கு உண்டு? அது இட்டுச் செல்லும் பக்கம் தமிழில் இருக்கிறதா? அதன் கலைச்சொல் பாடநூலோடு ஒத்துப்போகிறதா? இந்தக் கேள்விகளைத் தமிழ்ப் பிரதிநிதிகளும் உரத்துக் கேட்கவில்லை.

செய்யக்கூடியவை

இவை பெரிய நிதி கேட்கும் வேலைகள் அல்ல. ஒன்று, தமிழ்ப் பாடநூல்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் யுனிகோடில், திருத்தக்கூடிய வடிவில், மாற்றிப் பகிரும் உரிமத்தோடு வெளியிட வேண்டும். இரண்டு, இலங்கை, தமிழ்நாட்டுப் பாடசாலைக் கலைச்சொற்களை அருகருகே வைத்துத் தேடக்கூடிய ஓர் அட்டவணை வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர்களும் சில விஞ்ஞான ஆசிரியர்களும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் முடியக்கூடிய காரியம். மூன்று, இணையம் இல்லாத பாடசாலைகளுக்கு ‘கொலிப்ரி’ போன்ற இலவச மென்பொருளை ஒரு சாதாரண கணினியில் நிறுவி, வலயக் கல்வி அலுவலகத்தில் வளங்களை நிரப்பிக் கொடுக்கலாம். நான்கு, ஆசிரியர் தயாரித்தவற்றை அவரவர் பெயரோடு ஓரிடத்தில் சேமிக்க வேண்டும். ஆசிரிய ஆலோசகர்கள் அவற்றைச் சரிபார்க்கட்டும். அந்த உழைப்புக்கு ஒரு கொடுப்பனவும் இருக்கட்டும்.

இதில் முதலாவது கொழும்பின் கையில் இருக்கிறது. மற்ற மூன்றும் அப்படியல்ல. 13 ஆவது திருத்தத்தின் கீழ் கல்வியில் மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை என்பதும், ஆளுநருக்குக் கீழே நிருவாகம் மட்டுமே ஓடுகிறது என்பதும் உண்மை. ஆனாலும், ஒரு கலைச்சொல் அட்டவணையைப் போடுவதற்கும் பென் டிரைவில் பாடங்களை நிரப்புவதற்கும் சட்டமூலம் எதுவும் தேவையில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் நினைத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களும், அடுத்த முறை அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு ஒதுக்கலாம்.

அந்த முல்லைத்தீவு ஆசிரியை காணொளிகளைக் கைவிடவில்லை. வகுப்பறைச் சுவரில் ஒரு பிறிஸ்டல் போர்டை ஒட்டி, இரண்டு நிரல்களில் சொற்களை எழுதி வருகிறார். இடப்பக்கம் ‘எங்கட புத்தகம்’, வலப்பக்கம் ‘வீடியோ’. புதுச் சொல் ஒன்று வரும்போதெல்லாம் பிள்ளைகளே எழுந்துபோய் எழுதுகிறார்கள். நான் போன அன்று அதில் நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. முதல் வரியில் கதியும் வேகமும். அவர் அடுத்த வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறார். அந்தப் போர்டைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளத் திணைக்களத்திலிருந்து இதுவரை யாரும் வரவில்லை.