செயற்கைச் சிறுநீர் போதாது

சிறுநீர் ஆல்புமினை அளக்கும் கையடக்க மின்வேதி உணரிகள் பற்றி எங்கள் இதழுக்கு வரும் கட்டுரைகளில், சுருக்கத்தின் கடைசி வரி அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது: கண்டறியும் வரம்பு மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம். இவ்வளவு நுணுக்கம் எதற்கு? சிறுநீரகப் பாதிப்பு இருக்குமோ என்று ஐயப்பட வைக்கும் எல்லை, ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின். லிட்டர் கணக்கில் தோராயமாக இருபது, முப்பது மில்லிகிராம். பிக்கோகிராமைப் போல அது கோடி மடங்குக்கும் மேல். அந்த உணரிக்குக் கொடுக்கச் சிறுநீரைப் பல்லாயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை யார் செய்வது, எந்தப் பிப்பெட்டால்?

சிக்கல் நுணுக்கத்தில் இல்லை, சிறுநீரில் இருக்கிறது. திரையச்சு மின்முனையின் ஒப்பீட்டு முனையையே எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் புழங்கும் கண்ணாடிக் குழாய் முனைக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிரம்பியிருக்கும். அதன் மின்னழுத்தம் எளிதில் அசையாது. அச்சிட்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு மைக்கு அந்தக் காப்பு கிடையாது. மேலே விழும் சிறுநீரின் குளோரைடுதான் அதன் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. குளோரைடு பத்து மடங்கு மாறினால், 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும். உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவருக்கும் கருவாடும் ஊறுகாயும் விடாதவருக்கும் இடையே அந்தப் பத்து மடங்கு வரக்கூடியதுதான். நிலையான மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி, இந்த நகர்வை ஆல்புமின் என்றே படித்துவிடலாம். போதிய குளோரைடு சேர்த்த தாங்கல் கரைசலில் ஐந்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலே பெரும்பகுதி அடங்கிவிடும். அதைச் செய்ததாகச் சொல்லும் கட்டுரைகள் எங்கள் மேசைக்கு அரிதாகவே வருகின்றன.

யூரிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலம், தலைவலிக்கு விழுங்கிய பாராசிட்டமால் எல்லாம் மின்முனையில் தாமே ஆக்சிஜனேற்றம் அடைபவை. நலமாக இருப்பவரின் சிறுநீரிலேயே மிகுதியாக உள்ள யூரோமோடுலின் புரதம் மின்முனைப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பிஎச் 4.5 முதல் 8 வரை எங்கும் நிற்கலாம். ஃப்ரிட்ஜில் இரவு வைத்த மாதிரியின் அடியில் சிலசமயம் செங்கல்பொடி போல யூரேட் படிந்திருக்கும். யூரியாவையும் சில உப்புகளையும் கலந்து நாம் தயாரிக்கும் செயற்கைச் சிறுநீரில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை.

1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனை, ஃபெர்ரோசீனின் துணையோடு 1987-இல் பேனா வடிவக் குளுக்கோமீட்டராகக் கடைக்கு வந்தது. அந்த வெற்றியைச் சிறுநீருக்கும் நீட்டிவிடலாம் என்ற நம்பிக்கை நம் துறையில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் இரத்தத்தின் உப்பையும் அமிலத்தன்மையையும் உடல் இறுக்கிப் பிடித்து வைக்கிறது. அப்படிப் பிடித்து வைப்பதற்காக வெளியே தள்ளுவதெல்லாம் சேரும் இடம்தான் சிறுநீர்.

ஆல்புமினோடு கிரியேட்டினினையும் அதே ஸ்ட்ரிப்பில் அளந்தாக வேண்டும். இல்லையேல் நிறையத் தண்ணீர் குடித்தவர் தப்பிவிடுவார். மூன்று நொதிகளை அடுத்தடுத்து வைத்து அளக்கும் முறையில், சிறுநீரில் ஏற்கெனவே உள்ள கிரியேட்டினும் சேர்ந்தே சமிக்ஞை தரும். விகிதத்தில் இரண்டு அளவீடுகளின் பிழையும் கூடிவிடுகிறது.

குறைந்த கண்டறியும் வரம்பு தேவைப்படும் இடமும் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் விவசாயிகளைத் தாக்கும், காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் முதலில் நுண்குழல்களையே கெடுக்கிறது. தொடக்கத்தில் ஆல்புமின் அதிகம் கசியாது. அங்கே நுண்குழல் பாதிப்பைக் காட்டும் கிம்-1 போன்ற, நானோகிராம் அளவில் இருக்கும் குறியீடுகளைத்தான் தேட வேண்டும். நுணுக்கத்தில் திறமை காட்ட விரும்புவோர் அந்தப் பக்கம் திரும்பலாம்.

அடுத்த இதழ் முதல், செயற்கைச் சிறுநீரில் மட்டும் சோதித்த உணரிகளை மதிப்பாய்வுக்கு அனுப்பமாட்டோம். நோயாளிகளின் மாதிரிகள் வேண்டும். ஒவ்வொன்றின் பிஎச், குளோரைடு அளவுகளும் வேண்டும். மருத்துவமனை ஆய்வக முடிவோடு ஒப்பிடும்போது ஒட்டுறவுக் கெழு 0.99 என்று எழுதி நிறுத்திக்கொள்ளாமல், பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடத்தையும் இணைக்க வேண்டும். மருத்துவமனைத் தொடர்பில்லாத கல்லூரி ஆய்வகங்களுக்கு இது சுமைதான். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகும். அவர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையைத் தொடக்கத்திலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றாடப் பரிசோதனை முடிந்து கொட்டப்படும் மீதி மாதிரிகளை, உரிய ஒப்புதலோடு பெயர் நீக்கி வாங்கினாலே, முதற்கட்டச் சோதனைக்குப் போதும்.