சம்பூர் தரும் பாடம்

பாழ்பட்ட பழம்பதி ஒன்றை மீண்டும் எழுப்புவது எங்ஙனம் என்ற வினா எழும்போதெல்லாம் அறிஞர் வார்சோ நகரைச் சுட்டுவர். இரண்டாம் உலகப் போரில் அந்நகரின் பழைய பகுதி 85 வீதத்துக்கு மேல் அழிந்தொழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ தீட்டிய வீதிக் காட்சிகளையும், போருக்கு முன்னர் கட்டடக்கலை மாணவர் அளந்து வரைந்து வைத்த படங்களையும் துணைக்கொண்டு போலந்து மக்கள் அதனைக் கட்டியெழுப்பினர். 1980இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

நம் சம்பூருக்குப் பெலோட்டோ எவரும் வாய்க்கவில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், திருகோணமலைத் துறைமுகத்தை எதிர்நோக்கி, வயலும் கடலும் பட்டி மாடும் பத்திரகாளி கோயிலுமாய் வாழ்ந்த ஊர் அது. 2006 ஏப்ரலிற் குண்டுகள் வீழ்ந்தன. செப்டெம்பரில் ஊர் படையினர் வசமாயிற்று. மக்கள் மட்டக்களப்புக்கும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் இடைத்தங்கல் முகாம்களுக்குமாக அலைந்தனர். 2007இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல்மின் நிலையத்துக்கென ஒரு பகுதி, கைத்தொழில் வலயத்துக்கென 818 ஏக்கர், கடற்படை முகாமுக்கென 237 ஏக்கர் எனக் காணி கூறுபட்டது. 2015இல் அந்த 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சிற் கடற்படை தன் பங்கை விட்டகன்றது. அவ்வாண்டே நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக எழும் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. அம்மின்சாரத்தின் பயனில் முதற்பங்கு அவ்வூராருக்கே உரியது என்பதை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

ஏக்கர்க் கணக்கை அரசு சொல்லிவிட்டது. ஆயினும் ஏக்கர் வேறு, ஊர் வேறு. திரும்பியவர்கள் கண்டது தரைமட்டமான வீடுகளையும் பற்றை மண்டிய நிலத்தையுமே. வேலி இல்லை, வரம்பு இல்லை. காணி உறுதியைக் காத்து வைத்திருந்தவர் பாடு ஒருவாறு தேறிற்று. முகாம் முகாமாக ஓடியபோது அதனைத் தொலைத்தவரும், தலைமுறை தலைமுறையாக உறுதியின்றியே உழுதவரும் யாது செய்வர்? 'இதுவரை இன்னாரின் வயல்' என்று அயலார் சொல்லும் சாட்சியமே அவர்க்கு ஆதாரம். அச்சாட்சியம் முதியோர் நெஞ்சில் உள்ளது. ஐந்து வயதில் வெளியேறிய பிள்ளை பதினைந்து வயதிலன்றோ திரும்பிற்று! எந்த மரம் எவர் எல்லை, எந்தத் துண்டுக்கு எந்தப் பெயர் என்பதை அது எங்கே கற்றிருக்கும்?

வீடும் கிணறும் வலையும் முதலிற் கிடைக்கட்டும், வயற்பெயர்களைப் பின்னர் பார்க்கலாம் என்பார் உளர். வீடு முதலில் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லை தெரியாத நிலத்தில் வீட்டை எங்கே கட்டுவது? காணிக் கச்சேரியிற் கேட்கப்படும் முதற்கேள்வியே அதுதான்.

எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கோணேசர் கோயிலுக்கு எவர் எத்தொழும்பு செய்தல் வேண்டும் என வகுத்துரைக்கும் 'கோணேசர் கல்வெட்டு' பிறந்தது இதே மாவட்டத்தில். 1660இல் இக்குடாவில் வந்திறங்கிய ஆங்கிலக் கப்பலினர் சிறைபிடிக்கப்பட்ட மரத்தடிக்கும் மூதூரில் நினைவுக்கல் நாட்டினர். வேற்று நாட்டார் பிடிபட்ட மரத்துக்குக் கல் உண்டு. நம் உழவரின் எல்லை மரத்துக்கு ஒரு வரியேனும் இல்லை. விந்தைதான்!

வார்சோவில் மாணவர் செய்த பணியை மூதூர்ப் பகுதிப் பாடசாலை மாணவரும் செய்யலாம். உயர்தர வகுப்பினர் இருவர் இருவராக, விடுமுறை நாட்களில் அப்பியாசப் புத்தகமும் கையுமாக முதியோரிடம் செல்லட்டும். வயல், குளம், துறை, ஒழுங்கை ஒவ்வொன்றின் பெயரையும், ஆண்டவர் பெயரையும், அயலவர் பெயரையும் கேட்டு எழுதட்டும். தமிழாசிரியர் சொல்லைத் திருத்துக. புவியியல் ஆசிரியர் படம் வரையக் கற்பிக்க. ஒரு படி பாடசாலையில் இருக்க, மற்றொரு படி பிரதேச செயலகத்துக்குச் செல்லட்டும். அடுத்த விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம்.