அடுப்படிச் சுவருக்கு எந்த டைல்ஸ்?

தரைக்கு என்ன போடலாம் என்று குடும்பமே கூடிப் பேசும். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு மட்டும், கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் வீட்டு ஆண்கள் எதையோ வாங்கி வந்துவிடுவார்கள். தினமும் தேய்க்கப் போவது நாமல்லவா? கடைக்கு நீங்களும் கூடவே போங்கள்.

பூப்போட்டது, பழக்கூடை போட்டதெல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். நம் சமையலிலோ கடுகு வெடிக்கும், மஞ்சள் தெறிக்கும். சொரசொரப்பான டைல்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் லேசில் இறங்காது. வழவழப்பான பீங்கான் டைல்ஸே போதும். மார்பிள் வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை பட்டால் அரித்து மங்கிவிடும்.

ஒரே ஒரு டைல்ஸ் கேட்டு வாங்கி வாருங்கள். மஞ்சள் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் சோப்புத் தண்ணீருக்குப் போகவில்லையென்றால் அது நமக்கு லாயக்கில்லை.

உண்மையில் அழுக்கு அதிகம் சேர்வது இணைப்புகளில்தான். சின்னச் சின்ன டைல்ஸ் என்றால் இணைப்பும் அதிகம். அதனால் பெரிதாகவே எடுங்கள். இணைப்பில் வெள்ளை சிமெண்ட் அடைத்தால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். எபாக்ஸி விலை கூடுதல்தான், ஆனால் எளிதில் கறை ஏறாது. அடுப்புச் சுவருக்கு மட்டுமாவது அதைக் கேட்டு வாங்குங்கள்.

மேடைக்கு மேல் இரண்டடியோடு கொத்தனார் நிறுத்தப் பார்ப்பார். விடாதீர்கள்! தாளிக்கும் இடத்திலாவது இன்னும் உயரமாக ஒட்டச் சொல்லுங்கள். மிக்ஸி, கிரைண்டருக்கு பிளக் பாயிண்ட் எங்கே என்பதை ஒட்டுவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். நாலு டைல்ஸ் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே ரகம் கிடைப்பது துர்லபம்.